நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையே: மாதவிடாய் நிறுத்தமும் எட்டக்கூடிய மருத்துவமும்



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் மகளிர் மருத்துவம் பற்றிய பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இப்பொருளின் முதல் தடை மொழியிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த அவையைத் தேர்ந்தேன்.

பெண்ணின் பருவங்களை நம் முன்னோர் ஏழாகப் பகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் அவ்வரிசையை உலா இலக்கியம் பயின்றோர் நன்கு அறிவர். பரவலாக வழங்கும் கணக்கின்படி பேதையின் வயது 5 முதல் 7 வரை. பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 வரை. அத்துடன் பட்டியல் முடிந்துவிடுகிறது. நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு அந்த வரிசையில் பெயர் இல்லை. இன்று சிங்கப்பூர்ப் பெண்ணின் சராசரி ஆயுட்காலம் 85 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மாதவிடாய் நிற்பதோ சராசரியாக 49 வயதை ஒட்டி. அப்படியானால் வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, பெயரிடப்படாத பருவத்தில் கழிகிறது.

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஏறியும் இறங்கியும், பின்னர் நிலையாகக் குறைந்தும் போகிறது. உடல் திடீரெனக் காந்துதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், உறக்கமின்மை, படபடப்பு, மறதி, பிறப்புறுப்பு வறட்சி, சிறுநீர்த் தொல்லை ஆகியவை அதன் வெளிப்பாடுகள். நம் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 45 முதல் 69 வயது வரையிலான ஏறத்தாழ 1,200 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றில், மேலை நாட்டு நூல்கள் முதன்மைப்படுத்தும் உடற்காந்தலை விட மூட்டு வலியும் தசை வலியுமே முன்னிடம் பெற்றன. சிலருக்கு இவை வந்த சுவடு தெரியாமல் போகும். வேறு சிலருக்கு வேலையை விடும் அளவுக்குத் துன்பம் தரும்.

இந்தத் துன்பத்தை நம் வீட்டுப் பெண்கள் எப்படிச் சொல்கிறார்கள்? பெண் பருவமடைவதற்குப் பூப்பு என்னும் அழகிய சொல் இருக்கிறது. நீராட்டு விழாவும் எடுக்கிறோம். இடைப்பட்ட ஆண்டுகளுக்குத் தூரம், விலக்கு, தீட்டு என்று ஒதுக்கிவைக்கும் சொற்களே மிகுதி. இறுதியில் வருவதற்கோ, "நின்றுவிட்டது" என்ற ஒற்றை வினைமுற்றுடன் பேச்சு முடிகிறது. எது நின்றது என்று சொல்வதில்லை. தோன்றா எழுவாய்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இலக்கண ஆசிரியர்க்குக் கிடைப்பது அரிது.

இதன் விளைவு மருத்துவரின் அறையில் தெரியும். உறக்கமில்லை என்று ஒரு முறை, முழங்கால் வலி என்று மறுமுறை, படபடப்பு என்று மூன்றாம் முறை அந்தப் பெண் செல்கிறார். மூன்றுக்கும் தனித்தனியே மருந்து கிடைக்கிறது. தனித்தனியே கட்டணமும் ஆகிறது. மூன்றையும் ஒன்றாக இணைத்துக் காட்டும் சொல்லை அவரும் அறியார், மருத்துவரும் கேட்பதில்லை. சொல் இல்லாமையே இங்கு ஒரு செலவு.

ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் தொல்லைக்கு ஈஸ்ட்ரோஜனையே சிறு அளவில் தருவது ஹார்மோன் சிகிச்சை. இது புதியதன்று. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிரெமரின் என்னும் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று மாத்திரையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும், பூசும் கூழாகவும் ஹார்மோன் கிடைக்கிறது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் தோன்றக்கூடும். ஆதலால் அவருக்குப் புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தும் சேர்த்தே தரப்படும்.

உலகெங்கும் பெண்கள் இச்சிகிச்சையைக் கண்டு அஞ்சியதற்கு ஓர் ஆண்டைச் சுட்டலாம்: 2002. மகளிர் நல முனைப்பு என்னும் பெரிய அமெரிக்க ஆய்வில், 16,608 பெண்கள் பங்குபெற்ற கூட்டு மருந்துப் பிரிவு அவ்வாண்டு சூலை மாதத்தில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்று செய்தி பரவியது. மாணவர்கள் இந்த எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். மருந்து உண்ணாத 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு அந்நோய் வந்தது. மருந்து உண்டவர்களில் 38 பேருக்கு வந்தது. கூடுதலானோர் 10,000 பேரில் 8 பேர். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரலில் இரத்தக்கட்டு ஆகியவையும் ஓரளவு கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. இரண்டு கணக்குகளும் உண்மையே. எனினும் செய்தித்தாள் படித்த பெண்ணின் நெஞ்சில் தங்கியது 26 என்னும் எண் மட்டும்தான்.

அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதும் அன்று போதிய அளவு பேசப்படவில்லை. பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது தெளிவு பிறந்தது. அறுபது வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட, வேறு தடை இல்லாத பெண்ணுக்குத் தொல்லை கடுமையாக இருந்தால், சிகிச்சையின் நன்மை தீமையை விட மிகுதி என்பதே இன்றைய மருத்துவ அமைப்புகளின் பொதுக்கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உடையோர்க்கு இது பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. ஆகவே இது எல்லாரும் உண்ண வேண்டிய மருந்தும் அன்று. எல்லாரும் அஞ்சி ஒதுக்க வேண்டிய மருந்தும் அன்று. மருத்துவருடன் அமர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய ஒன்று. அந்தப் பேச்சு உரிய காலத்தில், அதாவது அறுபதுக்கு முன்பே, நடக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலைப் பகுதியில் கால்நடை வணிகம் செழித்த காலத்தின் நினைவு அது. 1924இல் இலவச மகப்பேற்று மருத்துவமனையாக அது மாற்றப்பட்டபோது 30 படுக்கைகளே இருந்தன. 1966இல் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. அது உலகச் சாதனையாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 1997இல் புக்கித் தீமா சாலையிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு மருத்துவமனை இடம்பெயர்ந்தது. ஏழைப் பெண்ணும் அச்சமின்றிப் பிள்ளை பெறலாம் என்ற நிலையை இந்நகரம் பாடுபட்டு உருவாக்கியது. அதே மருத்துவமனையில் இன்று மாதவிடாய் நிறுத்தச் சிக்கல்களைக் கவனிக்கும் பிரிவும் உண்டு. பேற்றுக்குக் காட்டிய அதே அக்கறையைப் பேற்றுக்காலம் முடிந்த பெண்ணுக்கும் காட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் சிறப்பு மருத்துவமனைக்கு எல்லாராலும் செல்ல இயலாது, செல்லத் தேவையுமில்லை. பலதுறை மருந்தகமும் அக்கம்பக்க மருந்தகமும்தான் பெரும்பாலோரின் வாசல். அங்கே பணம் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். அரசாங்க மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு மானிய நோயாளிகளான குடிமக்கள் பாதி விலை தந்தால் போதும்; குறைந்த, நடுத்தர வருமானத்தார்க்கு மானியம் 75 விழுக்காடு வரை உயரும். ஆகவே "இம்மருந்தில் மானியம் உள்ள வகை எது?" என்று கேட்பது ஒவ்வொரு பெண்ணும் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி. பட்டையாகவும் கூழாகவும் வருபவை, பழைய மாத்திரைகளை விட விலை மிகுந்தவையாக இருக்கலாம். மேலும், இம்மருந்து ஒரு வாரத்துடன் முடிவதன்று, ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடியது. மாதம்தோறும் கையிலிருந்து போகும் சிறு தொகையே இல்லத்தரசிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பெருஞ்சுமை.

கையிருப்புக் காசு போதாதபோது நமக்குத் துணைநிற்பது மெடிசேவ். நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின்கீழ் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தலாம். 2024ஆம் ஆண்டு நிலவரப்படி அத்திட்டத்தில் 23 நோய்கள் இடம்பெற்றிருந்தன. எலும்புத் தேய்வு நோய் அதில் உண்டு. முதுமையில் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கமும் உண்டு. மாதவிடாய் நிறுத்தத் தொல்லைகள் இல்லை. மாதவிடாய் நிற்பது நோயன்று, இயற்கை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கமானால், புராஸ்டேட் சுரப்பி பெருப்பதும் வயதின் இயற்கைதான். அதனால் வரும் தொல்லைக்கு மருத்துவம் தேவை என்று ஏற்றுக்கொண்டோம், அது நியாயம். அதே நியாயம் பெண்ணுக்கும் பொருந்தும்.

ஃபிளெக்சி-மெடிசேவ் என்று மற்றொரு வழி உண்டு. குறிப்பிட்ட நோய்ப் பட்டியல் இன்றி, வெளிநோயாளிச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை எடுக்க அது இடந்தருகிறது. ஆயினும் அது 60 வயதில்தான் தொடங்குகிறது. சற்றுமுன் சொன்னதை நினைவுகூருங்கள்: சிகிச்சையைத் தொடங்க உகந்த காலம் பெரும்பாலும் அறுபதுடன் முடிகிறது. ஒரு கதவு மூடும் வயதில் மற்றொன்று திறக்கிறது. பழைய இலக்கியத்தின் பட்டியல் 40இல் நின்றது. புதிய நிதித் திட்டத்தின் சலுகை 60இல் தொடங்குகிறது. நம் தாய்மாரின் துன்பம் இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கிறது.

சேமிப்பு முதுமைக்கு வேண்டும், அதை முன்கூட்டியே கரைக்கலாகாது என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. மருத்துவர் ஆய்ந்து, தொல்லை கடுமையானது என்று உறுதிசெய்த பெண்களுக்கு மட்டும், ஆண்டு வரம்புடன் அனுமதித்தால் அந்தக் கவலைக்கு விடை கிடைக்கும். எலும்பு தேய்ந்து முறிந்த பின் செலவாவது இதனினும் பெரிது.

மெடிசேவ் கணக்கே இல்லாத பெண்களையும் மறக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் நாம் காணும் இல்லப் பணிப்பெண்களில் தமிழகத்திலிருந்து வந்தோரும் உளர். அவர்கள் 60 வயது வரை இங்கு வேலை செய்யலாம். கருவுற்றிருக்கிறார்களா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம். முதலாளி எடுக்க வேண்டிய கட்டாய மருத்துவக் காப்புறுதி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும் உரியது. இரவெல்லாம் வியர்த்து உறங்காமல் விடியலில் அடுப்பைப் பற்றவைக்கும் ஐம்பது வயதுப் பெண்ணைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவர் இருக்கும் வீட்டில் உள்ளவர்களாவது கேட்கலாம்.

பிற நாடுகள் என்ன செய்தன? இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல், இரண்டு மருந்துச்சீட்டுகளுக்கான கட்டணத்தை ஒருமுறை செலுத்தினால் ஓராண்டுக்கான ஹார்மோன் மருந்துகளைப் பெறலாம். ஆஸ்திரேலியா 2025 மார்ச்சில் ஹார்மோன் கூழையும் புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரையையும் தன் மருந்து மானியத் திட்டத்தில் சேர்த்தது. இவை தாமாக வந்துவிடவில்லை. பெண்கள் வெளிப்படையாகப் பேசினார்கள், பேச்சு நாடாளுமன்றத்தை எட்டியது, கணக்கு மாறியது.

நம்மிடம் இப்போதே இருக்கும் வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டும். 2023 சூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதான ஒவ்வொரு குடிமகளும் தமக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்துகொள்ளலாம். முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. மாதவிடாய் பற்றிய பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆசிரியர்களே, அந்தச் சந்திப்புக்குச் செல்லும் பெண்ணின் கையில் சொற்களைக் கொடுப்பது நம் பணி. மாதவிடாய் நிறுத்தம், உடற்காந்தல், இரவு வியர்வை, வறட்சி ஆகிய எளிய தமிழ்ச் சொற்கள் பாடநூலிலும் மருந்தகத்தின் கையேட்டிலும் ஒரே வடிவில் வர வேண்டும். ஹார்மோனுக்கு இயக்குநீர் என்று எழுதினாலும் சரி, ஹார்மோன் என்றே எழுதினாலும் சரி. படிக்கும் தாய்க்குப் புரிய வேண்டும். மாணவர்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் அம்மாவிடமோ பாட்டியிடமோ "நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் உடன் சென்று, அவர் சொல்லத் தயங்குவதை எடுத்துச் சொல்லுங்கள். மொழி கற்றதன் பயன் அதுவும்தான்.