மோட்டார் தண்ணி விடலையா? பழைய அவுட்போர்டுக்கு வாட்டர் பம்ப் மாத்துற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

பட்டினப்பாக்கத்துல நின்னு பார்த்தா ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டிப் போறது தெரியும். இந்தப் பக்கம் அதுல நீளமா வால் மாதிரி தண்டு வச்ச டீசல் இன்ஜின்தான் நிறைய. தெக்கே தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு போனீங்கன்னா, வள்ளத்தோட பின்னாடி செங்குத்தா மாட்டின மோட்டாரை நிறையப் பார்க்கலாம். அதுதான் அவுட்போர்டு. மேல இன்ஜின், நடுவுல ஒரு நீளமான தண்டு, கீழ கியர், புரொப்பல்லர். 1909ல ஓலே எவின்ரூட் அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இந்த அமைப்பு பெருசா மாறல.

நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டது தூத்துக்குடி பக்கம் என் தாய்மாமா பட்டறையில. அங்க காலையில வர்ற முதல் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணாச்சி, மோட்டார் தண்ணி விட மாட்டேங்கு."

அதுக்கு என்ன அர்த்தம்னு முதல்ல சொல்லிடறேன். உங்க பைக் இன்ஜினை காத்து குளுமையாக்குது. கார்ல ரேடியேட்டர் இருக்கு. அவுட்போர்டுக்கு கடல்தான் ரேடியேட்டர். கீழ் பகுதியில இருக்கிற சல்லடை வழியா கடல் தண்ணியை உறிஞ்சி, ஒரு குழாய் வழியா மேல ஏத்தி, இன்ஜினைச் சுத்தவிட்டு, திரும்பக் கடல்லயே கொட்டும். அதுல கொஞ்சம் மட்டும் ஒரு சின்ன ஓட்டை வழியா வெளிய பீச்சியடிக்கும். அந்தத் தண்ணி வருதான்னு பார்த்துக்கிட்டேதான் ஓட்டணும். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு அதுதான் நாடி. தண்ணி நின்னா பிஸ்டன் சூடாகி விரியும், ஆயில் படலம் அறுந்து போகும், சிலிண்டர் சுவத்துல உரசி இன்ஜின் இறுகிடும். "சீஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் செலவு வேற கணக்கு.

இவ்வளவுக்கும் காரணமான சாமான் உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர். நடுவுல ஒரு உலோகக் குடம், சுத்தி ரப்பர் இதழ்கள். இதோட அழகே, அது உட்கார்ற கிண்ணத்துக்கு நடுவுல இல்லாம ஒரு ஓரமா தள்ளி இருக்கிறதுதான். சுத்தும்போது ஒரு பக்கம் இதழ் விரியும், அங்க தண்ணி உள்ள வரும். மறுபக்கம் இதழ் மடங்கும், தண்ணி நசுங்கி மேல போகும். அவ்வளவுதான். வால்வு கிடையாது.

இந்த ரப்பருக்கு எண்ணெயும் அந்தத் தண்ணிதான். காஞ்சு ஓடினா கொஞ்ச நேரத்துலயே இதழ் கருகும். கரையில வச்சு "ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்க்கிறேன்"னு கயிறை இழுக்கிறவங்களைப் பார்த்தா மாமாவுக்குக் கெட்ட கோவம் வரும். இன்னொரு எதிரி மணல். துறைமுகம் இல்லாத ஊர்ல படகை மணல்லேர்ந்துதான் தள்ளணும். முழங்கால் தண்ணியில, அலை கலக்கி விட்ட மண்ணுக்கு நடுவுல மோட்டாரை எடுக்கிறாங்க. அதைவிட்டா வழியும் இல்லை, அடுத்த அலை படகைத் திருப்பிப் போட்டுடும். ஆனா பம்ப் அந்த மணலைக் குடிக்குது. அதனால ஏரியில ஓடுற மோட்டாருக்கு எழுதின சர்வீஸ் அட்டவணை நம்ம கரைக்குப் பத்தாது. என் கணக்கு, தினம் கடலுக்குப் போற மோட்டாருக்கு வருஷம் ஒருமுறை கேள்வி கேக்காம மாத்திடணும்.

ஏன் இதுக்கு இவ்வளவு பேசறேன்னா, நடுக்கடல்ல மோட்டார் நின்னா படகு நின்ன இடத்துல நிக்காது. காத்தும் நீரோட்டமும் எங்க தள்ளுதோ அங்க போகும். பாக் நீரிணையில அதுக்கு இன்னொரு ஆபத்து. 1974லயும் 1976லயும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி கடல்ல ஒரு எல்லைக்கோடு இருக்கு. பழுதான படகுக்கு அந்தக் கோடு தெரியாது. மோட்டார் நின்னு எல்லை தாண்டிப் போயி பிடிபட்ட செய்தியை ரெண்டு கரையிலயும் படிச்சிருப்பீங்க.

சரி, வேலைக்கு வருவோம். தண்ணி வரலைன்னதும் ஸ்பேனரைத் தூக்காதீங்க. அந்த வெளிய விடுற ஓட்டையில உப்பு கட்டி அடைச்சிருக்கலாம். தங்கூசி நரம்பு ஒரு துண்டை விட்டுக் குத்திப் பாருங்க. சல்லடையில பிளாஸ்டிக் கவர் சுத்தியிருக்கான்னும் பாருங்க, இப்பல்லாம் அது ரொம்ப சகஜம். ரெண்டும் இல்லைன்னாதான் பம்ப்.

பம்ப் இருக்கிறது கியர் பாக்ஸுக்கு மேல. அதனால கீழ் பகுதியை மொத்தமா இறக்கணும். முதல்ல ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டிடுங்க, தெரியாம புரொப்பல்லரைச் சுத்தினா மோட்டார் எடுத்துடக்கூடாது. அப்புறம் கியர் மாத்துற கம்பியோட இணைப்பைப் பிரிக்கணும். அதுக்கப்புறம் நாலஞ்சு போல்ட். சில மாடல்ல ஒரு போல்ட், புரொப்பல்லருக்கு மேல இருக்கிற சின்னத் துடுப்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். அதைப் பார்க்காம சுத்தியலால தட்டி உடைச்ச கேஸ் எல்லாம் பட்டறைக்கு வந்திருக்கு.

பழைய மோட்டார்ல பாதி நாள் இந்த போல்ட்லயே போயிடும். உடம்பு அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ். நடுவுல உப்புத்தண்ணி. ரெண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளையா பொடி கட்டி போல்ட்டை அப்படியே கவ்விக்கும். பலத்தைக் காட்டினா தலை ஒடிஞ்சு கையோட வரும், மீதி உள்ளயே நிக்கும். துரு நீக்குற எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வைங்க. மறுநாள் அசையலைன்னா, பெட்ரோல், மண்ணெண்ணெய் டேங்க்கை எல்லாம் தூரமா கொண்டுபோய் வச்சிட்டு, போல்ட்டைச் சுத்தி இருக்கிற அலுமினியத்தைச் சூடு பண்ணுங்க. சூட்டுல அலுமினியம் ஸ்டீலை விட அதிகமா விரியும், பிடி தளரும். அப்பவும் கழட்டுற பக்கமே திருகிக்கிட்டு இருக்காதீங்க. கொஞ்சம் முன்னால, கொஞ்சம் பின்னால. மாமா இதைப் பண்ணும்போது ரேடியோவைக்கூட நிறுத்திடுவார். போல்ட் "கிர்"ருங்குதா "டிக்"குங்குதான்னு காது கேக்கணுமாம்.

இறக்கினதும் தண்டைச் சுத்தி ஒரு கிண்ணம் தெரியும். அதோட போல்ட்டைக் கழட்டித் தூக்கினா இம்பெல்லர். இதழை எண்ணுங்க. இது முக்கியம். ஒரு இதழ் குறைஞ்சா அது எங்கயோ போயிருக்கு, மேல போற குழாயிலயோ இன்ஜின் உள்வழியிலயோ அடைச்சிருக்கு. அந்தத் துண்டைத் தேடி எடுக்காம புது இம்பெல்லர் போட்டா, பம்ப் புதுசு, அடைப்பு பழசு. குழாயில எதிர்ப்பக்கத்துலேர்ந்து தண்ணி அடிச்சுப் பாருங்க. கிடைச்ச துண்டுகளைத் தரையில வச்சுப் பழைய சக்கரத்தோட பொருத்திப் பாருங்க, ஜிக்சா மாதிரி.

அடுத்து கிண்ணத்தோட உள்சுவரையும் அடியில இருக்கிற தகட்டையும் நகத்தால தடவுங்க. நகம் மாட்டுற அளவுக்குக் கோடு விழுந்திருந்தா அதையும் மாத்தணும். பணம் மிச்சம் பிடிக்கணும்னு இம்பெல்லரை மட்டும் கேக்கிறவங்கதான் அதிகம். சொரசொரப்பான கிண்ணத்துல புது ரப்பர் போடுறது, உப்புத்தாள்ல செருப்பைத் தேய்க்கிற மாதிரி. ஒரு நாள் மீன்பாடு கிடைக்காம போற நஷ்டத்தையும் பக்கத்துல வச்சுக் கணக்குப் போட்டா முழு கிட் வாங்குறதுதான் லாபம்னு நான் சொல்வேன்.

மாட்டுறப்போ, தண்டுல இருக்கிற சின்ன சாவி, அதான் இம்பெல்லரைத் தண்டோட சேர்த்துச் சுத்த வைக்கிற உலோகத்துண்டு, அது கீழ விழுந்துடும். கிரீஸ் ஒரு பொட்டு வச்சு ஒட்டிக்கங்க. சோப்புத் தண்ணி தடவி, மேலேர்ந்து பார்த்தா கடிகார முள் சுத்துற பக்கமா தண்டைத் திருப்பிக்கிட்டே கிண்ணத்தை இறக்கினா இதழ் எல்லாம் சரியான பக்கம் மடங்கும். கீழ் பகுதியைத் திரும்ப ஏத்தும்போது மூணு விஷயம் ஒரே நேரத்துல சேரணும்: தண்டோட பல், தண்ணிக் குழாய், கியர் கம்பி. ரெண்டு பேர் இருந்தா நல்லது. குழாய் ரப்பர் வளையத்துக்குள்ள உட்காரலைன்னா தண்ணி உள்ளயே கொட்டிப் போகும், திரும்பவும் முதல்லேர்ந்து. போல்ட்டுக்கு இந்தத் தடவையாவது மரைன் கிரீஸ் தடவுங்க, அடுத்த வருஷம் கழட்டப் போறதும் நீங்கதான்.

டெஸ்ட் பண்ண ஒரு பெரிய டிரம். தண்ணி பம்புக்கு மேல நிக்கணும், புரொப்பல்லர் முங்கினா மட்டும் பத்தாது. மண்ணெண்ணெய்ல ஓடுற மோட்டாரா இருந்தா பெட்ரோல்ல எடுத்து, சூடானதும்தான் மாத்துவாங்க. கயிறை இழுத்து எடுத்ததும் அந்த ஓட்டையையே பாருங்க. முதல்ல காத்தும் துளியுமா துப்பும், அப்புறம் கம்பி மாதிரி நேரா அடிக்கும். விரலை வச்சுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா சரி. ஒரு நிமிஷத்துக்குள்ள வரலைன்னா உடனே அணைச்சிடுங்க, "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல கார்புரேட்டர். உப்பு பிடிச்ச ஜெட்டைச் சுத்தம் பண்றதைப் பார்ப்போம்.