மூணாவது பிளக்



குழுக் கடன்ல வாங்கின பழைய ஆம்னி வேன்லதான் நான் காய்கறி விக்கிறேன். போன மாசம் நிறுத்தி வச்சா இன்ஜின் உதற ஆரம்பிச்சது. "இன்ஜினை இறக்கணும்"னு மெக்கானிக் சொன்னார். தவணைப் பணம் போயிடுமேன்னு தூக்கமே வரலை.

பயிற்சியில கத்துக்கிட்டபடி, இன்ஜினை அணைச்சு ஒரு பிளக் வயரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் கவனிச்சேன். இப்படியே மூணு சிலிண்டருக்கும் பார்த்தேன். முதல் ரெண்டுக்கும் உதறல் கூடிச்சு. மூணாவதுக்கு மாற்றமே இல்லை. அப்போ வேலை செய்யாதது அதுதான்! இன்ஜின் ஆறினதும் பிளக்கைக் கழற்றினா முழுக்கக் கரி. புதுசு போட்டேன்; உதறல் நின்னது. தவணையும் தவறலை.

நம்ம குழுவும் அப்படித்தான். ஒருத்தி ஒதுங்கி நின்னா எல்லாருக்கும் உதறும். குழுவைக் கலைக்க வேண்டாம். அவளை முதல்ல விசாரிங்க.