‘சாப்பக்வா’வுக்கு ஒரு கொங்கு வழி



திரைப்பட வரலாற்றுக் கருத்தரங்கை ஊட்டியில் ஏன் நடத்துகிறீர்கள் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். இங்கே எடுத்த பாட்டுக் காட்சிகளின் பட்டியல் உங்களுக்கே மனப்பாடம், அதை விட்டுவிடுகிறேன். இந்து நகரை மட்டும் நினைவூட்டுகிறேன். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் இந்த மலையிலிருந்து நாடெங்கும் போயின.

அதே 1967-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, அதிகம் பேர் பார்க்காமலே போய்விட்ட ஒரு படத்தைப் பற்றித்தான் என் உரை. பெயர் ‘சாப்பக்வா’. எழுதியவர், இயக்கியவர், நாயகன், பணம் போட்டவர் எல்லாம் ஒருவரே: கான்ராட் ரூக்ஸ். ஏவான் அழகுப்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவி வகித்தவரின் மகன். மதுவுக்கும் போதைமருந்துக்கும் அடிமையாகி, ஐரோப்பாவில் சிகிச்சை பெற்று மீண்டவர். அப்பா வைத்துவிட்டுப் போன பணத்தில் அந்த அனுபவத்தையே படமாக்கினார்.

கூட்டிய ஆட்களைப் பாருங்கள். ஒளிப்பதிவில் ராபர்ட் ஃபிராங்க். அபினியே மனித உருவெடுத்து வந்ததுபோல ‘ஓபியம் ஜோன்ஸ்’ என்ற வேடத்தில் எழுத்தாளர் வில்லியம் பரோஸ். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் உண்டு. இசைக்கு முதலில் ஆர்னெட் கோல்மனை அமர்த்தினார். 1965-இல் பதிவும் முடிந்தது. இசை இத்தனை அழகாக இருந்தால் படம் எடுபடாது என்று ரூக்ஸ் அதை ஒதுக்கிவிட்டதாகச் சொல்வார்கள். அது தனி இசைத்தட்டாக வந்தது. பிறகு ரவிசங்கர் வந்தார். அவர் வாசித்ததை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்காகக் குறிமானத்தில் எழுதித் தந்தவர், அப்போது பாரிசில் படித்துக்கொண்டிருந்த பிலிப் கிளாஸ். அவருடைய இசை திசைமாறியது அந்த வேலையில்தான்.

1966-இல் வெனிஸ் விழா நடுவர்களின் சிறப்புப் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால், படம் பாதிக்குமேல் சலிப்பூட்டும். ஃபிராங்கின் கண் இல்லையென்றால் முழுக்கவே சலிப்பூட்டியிருக்கும்.

ஆனால் நடிகர் பட்டியலில் ‘குரு’ என்ற வேடத்துக்கு நேரே ஒரு பெயர் இருக்கிறது: சுவாமி சச்சிதானந்தா. கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமிக் கவுண்டர். பேரூர்க் கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர்; மனைவியை இழந்தபின் துறவை நாடினார். 1949-இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று, 1953-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். திருகோணமலை, கண்டி என்று ஆசிரமங்கள். ரூக்ஸ் அவரைச் சந்தித்தது இலங்கையில்தான். 1966-இல் ஐரோப்பாவுக்கு அழைத்தார். பாரிசில் இதே படத்துக்காக வந்திருந்த ஓவியர் பீட்டர் மேக்ஸ், சுவாமியை இரண்டு நாள் நியூயார்க் வந்துபோகும்படி கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவுக்கு ஹெலிகாப்டரில் வந்திறங்கித் தொடக்கவுரை ஆற்றியவர் நம் செட்டிபாளையத்துக்காரர். போதைப் படத்தின் வழியாக மேற்கே போனவர், தம்மிடம் வந்த இளைஞர்களைப் போதையிலிருந்து திருப்புவதையே முக்கிய வேலையாகக் கொண்டார். ரூக்ஸோ 1972-இல் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வைச் சசி கபூரை வைத்து இந்தியாவிலேயே எடுத்தார். இரண்டு படங்களோடு அவர் திரைவாழ்வு சரி.

‘சாப்பக்வா’ உருவான கதை மர்மமானது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரூக்ஸ் சொன்னதைக் கேட்டு எழுதுகிறார்கள். பணக்காரப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்லும் கதை மர்மமாகத்தான் இருக்கும். அவர்களுக்குச் சுவாமி ஒற்றை வரி. சுவாமியின் வரலாற்றை எழுதும் சீடர்களுக்குப் படம் ஒற்றை வரி. அதிலும் கொஞ்சம் கூச்சம். படத்தில் அவர் வரும் நேரம் குறைவு என்பதால் இரு தரப்புக்கும் இது வசதியாகப் போயிற்று. ஒரு படப்பிடிப்பு ஒரு துறவியின் பயணத்தையே மாற்றியிருக்கிறது. அந்தக் கதையை எழுத இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்குத் தமிழும் தெரியவேண்டும்.

நம் திரை வரலாற்றாளர்கள் ஸ்டுடியோ வாசலைத் தாண்டுவதில்லை என்பது என் பழைய குறை. ஆசிரம மலர்கள், பயண நாட்குறிப்புகள், அன்பர்களுக்கு வந்த கடிதங்கள், கப்பல் நிறுவனப் பயணிகள் பதிவேடுகள் இவையும் திரைப்பட ஆவணங்களே. நேற்று மலை ரயிலில் வந்தவர்கள் கல்லாறைக் கடந்துதான் வந்தீர்கள், வண்டி பற்சக்கரத்தைப் பற்றி ஏறத் தொடங்கும் இடம். அங்கே சுவாமியின் பெயரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. செட்டிபாளையமும் பேரூரும் இங்கிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம். கண்டிக்குப் போகத்தான் கொஞ்சம் செலவாகும். பல்கலைக்கழகங்கள் மனம் வைத்தால் முடியும். முனைவர் பட்டத் தலைப்புக்கு அலைகிற மாணவர்கள் யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பரோஸையும் படியுங்கள், சிவானந்தரையும் படியுங்கள். ஒன்றை விட்டுவிட்டு வந்தால் நெறியாளரிடம் நானே போட்டுக்கொடுப்பேன்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். மணி என் கையில்தான் இருக்கிறது.