மேசைக் கணனி வாங்குமுன்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"எந்தக் கணனி நல்லது?" என்று பெற்றோர் பலர் என்னிடம் வினவுவதுண்டு. இன்று வாங்குவதை நாளை திறந்து பெருப்பிக்கலாமா என்பதே முதலிற் கேட்கவேண்டியது என்பேன்.

இதனை நான் கற்றது எங்கள் வீட்டிலேதான். 2019 ஆம் ஆண்டில் என் தந்தையார் சேமித்த பணத்தில் ஒரு கணனி வாங்கினார். திரையும் இயந்திரமும் ஒன்றாயமைந்த அழகிய பொருள். வீட்டுக்கு வந்தோரெல்லாம் மெச்சினர். அடுத்த ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புக்கள் இணையவழி நடைபெறலாயின. 4 ஜிகாபைற் றாம் கொண்ட அக்கணனியில் ஆசிரியரின் முகம் தெரிந்தால் பாடக்குறிப்புத் திறவாது. குறிப்பைத் திறந்தால் ஆசிரியரின் குரல் அறுந்துவிடும். றாமைக் கூட்டுவோமென்று திருத்துபவரிடம் கொண்டுபோனோம். அது தாய்ப்பலகையோடு ஈயத்தாற் பற்றவைக்கப்பட்டிருந்தது. அவர் மூடியைப் பூட்டித் திருப்பித் தந்துவிட்டார். குறைந்த விலைக்கு வாங்கியதால் வந்த வினையன்று அது. தந்தையார் நல்ல விலைதான் கொடுத்தார். அவ்வாண்டு என் தங்கை தவறவிட்ட கணித பாடங்களை நினைத்து இன்றும் குறைப்படுவார்.

சிக்கனமாக வாங்குவோருக்கு, அலுவலகங்களிற் கழித்து விற்கப்படும் பெட்டிக் கணனிகளே உகந்தவை என்பது என் எண்ணம். டெல்லின் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி.யின் எலைற்டெஸ்க், லெனோவோவின் திங்சென்ரர் என்பன இவ்வகையின. பழையதென்று முகஞ் சுளிக்கவேண்டியதில்லை. புரோசசர் இலகுவிற் பழுதாவதன்று. தேய்வன வன்தட்டும் மின்விசிறியுமே. அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

ஆயினும் கடைக்காரர் "ஐ5" என்று மாத்திரம் சொன்னால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். முழு இலக்கத்தையும் கேளுங்கள். ஐ5-6500 என்றால் ஆறாந் தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாந் தலைமுறை. விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் புரோசசராயின், பொதுவாக எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமென்கிறது. அதற்கு முந்திய கணனி ஏற்கனவே வீட்டிலிருந்தால் எறிந்துவிடாதீர்கள். லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் இலவசம். கட்டுரை எழுதவும் கணக்கு வைக்கவும் அவை போதும்; தமிழும் நன்றாகவே வரும்.

ஒரே பெயரில் மூன்று அளவுப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. மிகச் சிறியது மேசைக்கு அழகு. பின்னர் எதையும் சேர்க்க இடம் அரிது. ஒடுங்கிய பெட்டியில் உயரங்குறைந்த அட்டைகளே பொருந்தும். அதன் பவர் சப்ளையும் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் தனி வடிவம். மேசையின்கீழ் இடமுள்ளவர் பெரிய பெட்டியையே எடுக்கட்டும்.

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். றாமுக்கு வெறும் பொருத்துவாய் ஒன்றாவது உண்டா என்று பாருங்கள். கையில் மிச்சமிருந்தால் முதலில் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுங்கள்; பழைய கணனிக்கு அதைப்போல் வேகந் தருவது வேறில்லை. றாம் 8 ஜிகாபைற்றுடன் தொடங்கலாம். 16 ஆக்குவதைப் பின்னர் பார்க்கலாம். பொறுத்தால் மலியும் என்று நான் முன்பு சொல்லி வந்தேன். 2025 இன் இறுதியில் அதன் விலை உலகெங்கும் ஏறி என் வாயை அடைத்துவிட்டது.

எனது கணனிப் பெட்டியை மூடி கழற்றி இம்மேசையில் வைத்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் அருகே வாருங்கள். பெரியோர்களும் தயங்காது தொட்டுப் பார்க்கலாம். மின் இணைப்பு இல்லை.