ஐந்நூறாவது யூனிட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ என்ன வேலை செய்யறியோ அதைப் பத்திப் பேசு. ஆனா பசங்களுக்குப் புரியற மாதிரி பேசு" என்றார். நான் இங்கே மின்னியல் படித்தவன். இப்போது ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து, குடும்பங்கள் வீட்டு மின் செலவைக் குறைக்க உதவும் செல்போன் செயலி ஒன்றை வடிவமைத்துக் கொண்டிருக்கிறேன். இதைக் கேள்விப்பட்ட என் மாமனார், "கரண்ட் பில்லைக் குறைக்க ஆப் எதுக்கு மாப்பிள்ளை? ஸ்விட்சை அணைச்சாப் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான்.

எந்த ஸ்விட்சை அணைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் அதிகம் திட்டு வாங்குவது விளக்கு. "யார் லைட்டை எரிய விட்டது?" என்று அப்பா கத்தாத வீடு உண்டா? 9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட்தான். அதே அறையில் சுற்றும் பழைய 75 வாட் மின்விசிறி தினம் 16 மணி நேரம் ஓடினால் 72 யூனிட். அதை யாரும் திட்டுவதில்லை, வெயில் காலத்தில் திட்டவும் முடியாது. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் அந்த 72, ஏறத்தாழ 29 ஆகும். 2000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் என்றால் 60 யூனிட். டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு நாம் தூங்கப் போன பிறகும் விழித்திருக்கும் செட்-டாப் பாக்ஸ் 10 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 14.4 யூனிட், அதாவது ஐந்து பல்புகளின் செலவு! மிக்ஸியோ ஊரையே எழுப்பும், ஆனால் ஐந்து நிமிஷம் ஓடி நின்றுவிடும். மாதக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. சத்தம் போடுவதெல்லாம் கரண்ட் தின்பதில்லை.

மாணவர்கள் இதை நம்ப வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். வீட்டு மின்னணு மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 3200 ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு கருவியை மட்டும் போட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். பழைய விசிறிக்கு 15 வினாடி. ஏ.சி.யின் கம்ப்ரஸர் ஓடும்போது எண்ணக்கூட முடியாது. (இன்வர்ட்டர் சார்ஜ் ஆகிக் கொண்டிருந்தால் கணக்கு கெடும், ஜாக்கிரதை.) எங்கள் செயலியில் போன் கேமராவே இந்த மின்னல்களை எண்ணுகிறது. தனிக் கருவி எதையும் யாரும் விலைக்கு வாங்க வேண்டாம். இது இல்லாமல் நடுத்தரக் குடும்பத்தில் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

சரி, அளந்து காட்டிவிட்டால் குறைந்துவிடுமா? உலகத்தின் பெரிய கம்பெனிகள் அப்படித்தான் நினைத்தன. கூகுள் 2009-ல் பவர்மீட்டர் என்ற சேவையைக் கொண்டு வந்தது. வீட்டு மின் உபயோகத்தை அழகான வரைபடமாகக் கணினியில் காட்டும். எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை என்று சொல்லி 2011-ல் மூடிவிட்டார்கள். மைக்ரோசாப்ட் அதே 2009-ல் ஹோம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதுவும் 2012-ல் நின்றது. என் அபிப்பிராயம், வரைபடம் எஞ்சினியருக்குத்தான் பிடிக்கும். முதல் வாரம் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் மறந்து போவார்கள்.

அதற்கு நேர்மாறாக, கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "நீங்கள் இவ்வளவு செலவு செய்தீர்கள், அக்கம்பக்கத்தின் சராசரி இவ்வளவு" என்று ஒரு துண்டுச் சீட்டு. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் குறைவாகச் செலவழித்தவர்கள், "ஓஹோ, நமக்கு இன்னும் இடம் இருக்கே" என்று கூட்டிவிட்டார்கள்! சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து பாராட்டிய பிறகுதான் அந்த ஏற்றம் நின்றது. இதே வழியில் அமெரிக்காவில் ஓபவர் என்ற நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அறிக்கை அனுப்பியது. 2011-ல் வந்த ஆய்வின்படி சராசரியாகக் குறைந்தது 2 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அச்சடித்த ஒரு தாளுக்கு அது நல்ல பலன்.

பக்கத்து வீட்டு ஒப்பீட்டை நாங்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டோம். நம் ஊரில் ஒரு போர்ஷனில் இரண்டு பேர், அடுத்த போர்ஷனில் தாத்தா பாட்டியோடு ஏழு பேர். இதில் எதை எதோடு ஒப்பிடுவது? அதோடு, பக்கத்து வீட்டோடு ஒப்பிடும் வேலையை உறவினர்களே நன்றாகச் செய்கிறார்கள், செயலி வேறு எதற்கு? அதைவிடக் கூர்மையான ஒன்று நம் கட்டண முறையிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, 2022 கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது 500-ல் இருக்கும் படி. 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை எடுத்துக் கொள்வோம். 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த ரூ.2.25 சலுகை பறிபோய் 101-லிருந்தே ரூ.4.50 போடுவார்கள். அந்த 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்குப் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் அந்தப் படி அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே எங்கள் செயலியின் முதல் திரையில் வரைபடம் கிடையாது, யூனிட் கணக்கும் கிடையாது. ஒரே ஒரு வாக்கியம்: "இப்படியே போனால் கணக்கெடுக்கும் நாளில் 540 வரும். தினம் இரண்டு யூனிட் குறைத்தால் 500-க்குள் நிற்கலாம்." இது நாற்பதாவது நாளுக்கு முன்பே தெரிய வேண்டும். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? ஸ்மார்ட் மீட்டர் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. அதனால் வாரம் ஒருமுறை மீட்டரைப் போட்டோ எடுத்தால் போதும் என்று வைத்திருக்கிறோம். மே மாத வெயிலைக் கணக்கில் சேர்க்கக் கற்றுக் கொடுத்துவிட்டோம். ஆனால் அக்கா பிரசவத்துக்கு வந்திருப்பதும் ராத்திரி முழுக்கக் குழந்தைக்காக விசிறி ஓடுவதும் செயலிக்கு எப்படித் தெரியும்? அதற்காக "வீட்டில் விருந்தாளி" என்று ஒரு பொத்தான். எங்கள் குழுவில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சோதனைக்குப் போன வீடுகளில் அதிகம் அமுக்கப்பட்ட பொத்தான் அதுதான்.

குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் வேறொன்றில் நடந்தது. எந்த மணிக்கு எந்தக் கருவி ஓடியது என்று காட்டலாமா? தொழில்நுட்பப்படி முடியும். மொத்த மின்னோட்டத்திலிருந்து தனித்தனிக் கருவியைப் பிரித்தறியும் வழியை எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் 1980-களிலேயே தொடங்கி வைத்துவிட்டார். ஆனால் நாங்கள் போன வீடுகளில் செயலி இருந்தது ஐயாவின் போனில். கிரைண்டரும் கீசரும் மோட்டாரும் அம்மாவின் கையில். ஒரு வீட்டில் அந்த அம்மா எங்களிடம் நேராகவே கேட்டார்: "தம்பி, நான் எத்தனை மணிக்கு ஏ.சி. போட்டேன்னு இவருக்கு ஆபீஸ்லேயே தெரியுமா?" தெரியக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். மணிவாரிக் கணக்கு கிடையாது. வீடு முழுவதற்கும் ஒரு நாளைக்கு ஒரே எண். அதையும் வீட்டில் யார் போனில் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதனால் துல்லியம் குறைகிறது என்று குழுவில் சிலருக்கு இன்றும் வருத்தம். எனக்கு இல்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் விஷயம் இன்னும் தீரவில்லை. வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீட்டில் இலவசம், சலுகை, படி எதுவும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. விசிறியும் வீட்டுக்காரருடையது, மாற்றச் சொன்னால் மாற்றமாட்டார். இவர்களுக்குச் செயலி என்ன சொல்ல வேண்டும்? எங்களுக்குள் இன்னும் பேசிக் கொண்டிருக்கிறோம். இங்கே விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் பலர் அதே நிலையில் இருப்பீர்கள். உங்கள் துணை மீட்டரின் மின்னல்களை ஒரு வாரம் எண்ணி எனக்குக் கொடுங்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு மின்னியல் ஆய்வகத்தில்தான் இருப்பேன், மீட்டர் ஒன்றும் கொண்டு வந்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.