வண்டி வேலைக்கு வெல்டிங் இயந்திரம் வாங்குவோருக்கு
(கச்சிராயபாளையம் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



கச்சிராயபாளையத்தைச் சுற்றிலும் ஆலைக் கரும்பும், மரவள்ளிக் கிழங்கும், நெல்லும் விளைகின்றன. விளைந்தது எதுவானாலும் வண்டி ஏறித்தான் காசாக வேண்டும். அந்த வண்டியோ ஓயாமல் பழுதாகிறது. டயர் மாட்டு வண்டியின் சட்டத்தில் விரிசல் விடுகிறது. டிரெய்லரின் பின்கதவுக் கீல் தெறிக்கிறது. கரும்பு அடுக்கும் நிறுத்துக்கம்பி சாய்கிறது. கூட்டுறவு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்ட நாளில், பட்டறை வாசலில் காத்திருக்க எவருக்கும் மனம் வராது. இதனால்தான் உங்களில் பலர் பழைய வெல்டிங் செட் ஒன்றை வாங்கி வைத்து, வீட்டுக் களத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறீர்கள். சிலர் சேனலும் ஆங்கிளும் வாங்கி, வண்டிச் சட்டத்தையே புதிதாகக் கட்டுகிறீர்கள்.

இப்போது அந்தப் பழைய செட்டை மாற்றிவிட்டு நல்லது ஒன்று வாங்க வேண்டும், செலவும் அதிகமாகக் கூடாது, எதை வாங்குவது? இதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. கடைக்காரர் 200 ஆம்பியர், 250 ஆம்பியர், 300 ஆம்பியர் என்று அடுக்குவார். ஆம்பியர் கூடக் கூட இயந்திரம் உயர்ந்தது என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அந்த எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வேலையிலிருந்து தொடங்குவோம்.

மாட்டு வண்டிக்கும் சிறு டிரெய்லருக்கும் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் 75 அல்லது 100 மி.மீ. சேனல். அதன் நடுத்தகடு சுமார் 5 மி.மீ. கனம், ஓரங்கள் 7 மி.மீ.க்குச் சற்று மேல். அடித்தகடு 3 மி.மீ. இருக்கும். இவற்றுக்குக் கடையில் 10 கேஜ் என்று கேட்டு வாங்கும் 3.15 மி.மீ. ராடு போதும். அது கேட்பது 100 முதல் 130 ஆம்பியர். பக்கத் தகட்டுக்கு 12 கேஜ், அதாவது 2.5 மி.மீ. ராடு, அதற்கு 60 முதல் 90 ஆம்பியர். 10 மி.மீ. தகடு வரும் இடத்தில் 8 கேஜ் ராடு கொண்டு 160 ஆம்பியரில் ஒரே ஓட்டாக ஓட்டலாம். அல்லது 10 கேஜ் ராடிலேயே, ஒவ்வொரு முறையும் கசடைச் சுத்தமாகத் தட்டி எடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஓட்டுகளாக நிரப்பலாம். ஆகவே, 120 ஆம்பியரில் களைப்பின்றி உழைத்து, எப்போதாவது 160 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடிய இயந்திரமே நமக்கு வேண்டியது. 300 ஆம்பியருக்கு இங்கு வேலை இல்லை.

அடுத்து மின்சாரம். பலரும் இதை இயந்திரம் வாங்கி வந்த பிறகுதான் நினைக்கிறார்கள். 120 ஆம்பியரில் மின்வில் எரியும்போது அதன் அழுத்தம் சுமார் 25 வோல்ட். பெருக்கினால் 3,000 வாட். இரும்பை உருக்கப் பயன்படுவது இவ்வளவுதான். ஆனால் பழைய டிரான்ஸ்பார்மர் செட் லைனிலிருந்து இழுப்பது இதைவிட மிக அதிகம். ராடு தொடாமல் இருக்கும்போது அதன் முனையில் 75 வோல்ட் இருப்பதாகக் கொண்டால், 75-ஐ 120-ஆல் பெருக்க 9,000 வோல்ட்-ஆம்பியர் வருகிறது. வீட்டு 230 வோல்ட் லைனில் இது 39 ஆம்பியர் இழுப்பு. அந்த செட்டைப் போட்டதும் தெரு விளக்கு மங்குவதற்கும், அடுத்த வீட்டார் எட்டிப் பார்ப்பதற்கும் காரணம் இதுவே. இத்தகைய செட்டுகள் பலவற்றை இரண்டு பேஸில், 415 வோல்ட்டில் இணைப்பதும் இதனால்தான்.

இரண்டு பேஸ் வீட்டில் ஏது? கிணற்று மோட்டார் கொட்டகையில் மூன்று பேஸ் இருக்கிறது. கை அங்கே போகிறது. இதைப் பற்றி நான் வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் கட்டணமின்றிக் கொடுக்கப்படும் மின்சாரம், நீர் இறைப்பதற்காகக் கொடுக்கப்படுவது. அதில் வெல்டிங் செய்தால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி அது அனுமதி இல்லாத பயன்பாடு. இரு மடங்கு கட்டண வீதத்தில் கணக்கிடுவார்கள். எந்த நாளிலிருந்து பயன்படுத்தினீர்கள் என்று தெரியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதங்களுக்கும் கணக்கிடலாம். இயந்திரத்தின் விலையை மிச்சப்படுத்தப் போய், கிணற்று இணைப்புக்கே சிக்கல் தேடிக்கொள்வது சிக்கனம் ஆகாது.

இங்குதான் இன்வர்ட்டர் வகை இயந்திரம் கைகொடுக்கிறது. ஐ.ஜி.பி.டி. என்னும் மின்னணு உறுப்பைக் கொண்டு, மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றி அமைத்து இது வேலை செய்கிறது. அதனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் மிகச் சிறியதாக இருந்தால் போதும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு வயலுக்கே போகலாம். அதே 120 ஆம்பியர் வேலைக்கு இது இழுப்பது சுமார் 5,000 வோல்ட்-ஆம்பியர். 230 வோல்ட்டில் 22 ஆம்பியர். பழைய செட்டின் இழுப்பில் ஏறக்குறைய பாதி. இதிலிருந்து வருவது நேர் மின்சாரம், அதாவது டி.சி. ஆகையால் வில் அமைதியாக நிற்கும். கற்றுக்கொள்வோருக்கும் ராடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை குறையும்.

பாதி என்றாலும் 22 ஆம்பியர் சிறிய அளவு அன்று. வீட்டில் மிக்சிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் வைத்திருக்கும் பிளக்கில் இதைச் செருகினால் பிளக் கருகிவிடும். 16 ஆம்பியர் பிளக், 12 கேஜ் ராடு வேலைக்குத்தான் தாங்கும். 10 கேஜ் ராடு ஓட்ட வேண்டுமானால் மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, 32 ஆம்பியர் சாக்கெட்டும் எம்.சி.பி.யும் போட்டு, நல்ல எர்த்தும் கொடுக்க வேண்டும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு இதற்கு இடம் தருகிறதா என்பதை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் செட்டுக்கென்று தனி விதிகள் உண்டு.

களத்துக்கு வயர் இழுப்பதிலும் கணக்கு இருக்கிறது. 30 மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால், 22 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 16 வோல்ட் தொலைந்துவிடும், வயரும் சுடும். 4 சதுர மி.மீ. வயரில் தொலைவது 6 வோல்ட் மட்டுமே. மாலை நேரத்தில் வீட்டுக்கே 190 வோல்ட்தான் வருகிறது என்றால், இந்த 10 வோல்ட் வித்தியாசத்தில் இயந்திரம் ஓடும் அல்லது நின்றுவிடும். மிச்ச வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். சுருளுக்குள் சூடு அடைந்து உறை உருகும்.

இனி, கடையில் நிற்கிறீர்கள். மூடியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டாம். பின்புறம் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். அதில் டூட்டி சைக்கிள் என்று ஒரு விழுக்காடு இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் இயந்திரம் வில் எரிக்கலாம் என்பதே அதன் பொருள். 160 ஆம்பியரில் 60 விழுக்காடு என்றால், அந்த ஆம்பியரில் 6 நிமிடம் எரித்து 4 நிமிடம் ஆற வேண்டும். அதை 120 ஆம்பியருக்குக் குறைத்தால் ஓய்வே தேவைப்படாது. 200 ஆம்பியர் என்று பெரிதாக எழுதி, 20 விழுக்காடு என்று சிறிதாகப் போட்டிருக்கும் இயந்திரம், 120 ஆம்பியரில் ஏறக்குறைய பாதி நேரம்தான் உழைக்கும். ஆக, 160 என்று எழுதியது 200 என்று எழுதியதைவிட வல்லதாக இருக்கலாம். இந்த அளவு எந்த வெப்பத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். உலகத் தரம் 40 டிகிரி செல்சியஸைக் கொள்கிறது. 20 அல்லது 25 டிகிரியில் எடுத்த அளவு நம் சித்திரை வெயிலில் நிற்காது. தகட்டில் டூட்டி சைக்கிளே இல்லாத இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். குறைந்த மின்னழுத்தத்திலும் ஓடுமா, எத்தனை வோல்ட் வரை ஓடும் என்பது அடுத்த கேள்வி. பழுது பார்க்கும் இடம் கள்ளக்குறிச்சியிலோ ஆத்தூரிலோ உண்டா என்பது மூன்றாவது. உள்ளே மின்னணுப் பலகை இருப்பதால், பழைய செட்டைப் போலக் காயில் சுற்றி ஓட்டிவிட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இணைப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே படிந்த தூசியை டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் மெதுவாக ஊதிவிட வேண்டும். கிரைண்டர் பொறி பறக்கும் பக்கத்தில் இயந்திரத்தை வைத்தால் இரும்புத் தூள் உள்ளே போய்ப் பலகையைக் கெடுக்கும்.

சுருள் கம்பியில் ஓடும் மிக் வகை இயந்திரம் வாங்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். மெல்லிய தகடு நிறையப் பற்றவைப்போருக்கு அது நல்லது. திறந்த களத்தில் காற்று அடித்தால் காப்பு வாயு கலைந்து பற்று பஞ்சு போல் ஆகும். சிலிண்டர் செலவும் உண்டு. வண்டிச் சட்டத்துக்கு ராடு போதும் என்பது என் கருத்து. இயந்திரத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை நல்ல ராடுக்கும், முகமூடிக்கும், வயருக்கும் வைத்துக்கொள்வதே மேல்.

ராடு பற்றி ஒரு சொல். நாம் வழக்கமாக வாங்கும் 6013 வகை ராடு மழைக்காலத்தில் ஈரம் குடித்துவிடும். 100 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்தால் சரியாகும். பளு தாங்கும் இணைப்புக்கு 7018 வகை ராடு சிறந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் செட்டில் பெரும்பாலும் அது ஒழுங்காக எரியாது, இன்வர்ட்டரில் நன்றாக எரியும். ஆனால் அதை 300 டிகிரிக்கு மேல் சூளையில் காயவைக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் புதிதாகப் பிரித்த பெட்டியிலிருந்து எடுத்து அன்றே பயன்படுத்துங்கள். ஈரம் கண்ட 7018 ராடு போட்ட பற்று, மேலே அழகாக இருந்தாலும் உள்ளே வெடிப்பு விடும்.

நல்ல இயந்திரம் வந்துவிட்டால் எதையும் பற்றவைக்கலாம் என்ற துணிவு வருகிறது. எனக்குக் கவலை தருவது அதுதான். வெள்ளிமலைச் சாலையில் பாரம் ஏற்றிய டிரெய்லர் ஏறும்போது, முழு எடையும் இழுப்புச் சட்டத்தின் முனையில், உள்ளங்கை அளவு இடத்தில் தொங்குகிறது. அது விட்டால் வண்டி பின்னோக்கி ஓடும். பின்னால் வருபவர் யாரோ, நமக்குத் தெரியாது. ஆகையால் கொக்கியும் இழுப்புச் சட்டமும் அனுபவப்பட்ட பட்டறையில் செய்யப்பட வேண்டும். முடிந்தவரை பெரிய போல்ட்டுகளால் சட்டத்தோடு பிணைத்து, பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். பழைய வண்டிகளில் போல்ட்டும் ஆணியும் வைத்துக் கட்டியதில் ஒரு நன்மை உண்டு. ஒரு பாகத்தில் கண்ட விரிசல் அந்தப் பாகத்தின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த சட்டம் முழுவதும் ஒரே இரும்பு. விரிசல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. அதுவும் பற்றவைத்துக் கட்டியதே.

ஸ்பிரிங் பட்டை, அச்சு, கொக்கிப் பின் ஆகியவை வேறு வகை எஃகு. சாதாரண ராடு கொண்டு ஒட்டினால் பற்றுக்குப் பக்கத்திலேயே ஒடியும். அவற்றை மாற்றுவதே வழி. டயர் மாட்டிய ரிம்மில் ஒருபோதும் வில் மூட்டாதீர்கள். காற்றை இறக்கிவிட்டாலும், உள்ளே ரப்பர் வெந்து எழும் வாயு வெடித்து ஆளைக் கொல்லும். டிராக்டரோடு இணைந்திருக்கும்போது பற்றவைக்க நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைப் பொறித்துவிடும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் டிரெய்லரும் மோட்டார் வாகனம் என்றே 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கொள்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக நீளம் கூட்டுவதோ, உருவத்தை மாற்றுவதோ 52-வது பிரிவின்படி கூடாது. பழுது நீக்குவது வேறு, மாற்றி அமைப்பது வேறு. மாட்டு வண்டிக்கு இந்தக் கட்டு இல்லை.

கண்ணுக்கு 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடி வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டிவிடுங்கள். இரவில் அவர்கள் கண் மணல் விழுந்தது போல் உறுத்தும். நாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பால் குடித்தால் சரியாகும் என்று சொல்வது வெறும் பேச்சு. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள். வெல்டிங் புகை புற்றுநோய் தரவல்லது என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு ராடு மாற்ற வேண்டாம்.

இயந்திரத்தின் விலை ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் வட்டாரத்தில் அமையும். பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 6 மி.மீ. பட்டைத் துண்டுகள் இரண்டையும் நீங்கள் வாங்கும் ராடுகளையும் கடைக்கே கொண்டு போங்கள். ஒன்றின் மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் 120 ஆம்பியரில் பற்றவையுங்கள். ஐந்தாறு ராடு விடாமல் எரித்து, இயந்திரம் சூடேறி நிற்கிறதா என்று பாருங்கள். ஆறிய பின், பற்று இல்லாத பக்கம் விரியும்படி சம்மட்டியால் அடித்து மடக்குங்கள். உடைந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். மூலை வரை இரும்பு உருகிக் கலந்திருந்தால் நல்லது. அடிப்பட்டையின் கருப்புத் தோல் அப்படியே தெரிந்தால் பற்று மேலோடு நின்றிருக்கிறது. ஆம்பியர் போதவில்லை, அல்லது கை இன்னும் பழக வேண்டும்.

துண்டுகள் கொண்டு வந்தவர்கள் முற்றத்துக்கு வாருங்கள். சம்மட்டி இருக்கிறது, உடைத்துப் பார்ப்போம்.