வாய்ப்புண்ணில் புழு



மாட்டின் புண்ணில் புழு வைத்துவிட்டது என்று சொன்னால் நம் கிராமத்தார் எவரும் வியப்படைய மாட்டார். மனிதனுடைய வாயில் புழு வைத்துவிட்டது என்றால் நம்பவும் தயங்குவர். நம்பியவர் அருவருத்து விலகுவர். ஆயினும் இவ்விரண்டும் ஒரே வகைக் காரணத்தால், பல வேளைகளில் ஒரே ஈயினால் விளைபவை. இந்நோயைப் பற்றிச் சிறிது அறிந்திருந்தால் உரிய காலத்தில் ஓர் உயிரைக் காக்கலாம் என்பதனால் இன்று இதனைப் பற்றிப் பேச முற்படுகிறேன்.

தமிழ் நாட்டின் எல்லையை அடுத்துக் கர்நாடகத்தில் மார்டள்ளி என்றோர் ஊர் உண்டு. மாதேசுவரன் மலையின் அருகே, காடு சூழ்ந்த பகுதியில் அமைந்தது. கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரையில் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. இன்று மார்டள்ளி அம்மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் உள்ளது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. அடுத்துள்ள பர்கூர் மலையின் பெயரைத் தாங்கிய மாட்டினம் புகழ் பெற்றது. இப்பகுதி மக்களுக்குக் காட்டில் மேயும் கால்நடையும் அதன் புண்ணும் புண்ணில் வைக்கும் புழுவும் புதியன அல்ல. மைசூர் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. கால்நடை மிகுந்து மருத்துவம் தொலைவாக இருக்கும் இத்தகைய ஊர்களை மனத்திற்கொண்டே இப்பேச்சு அமைகிறது.

முதலில் ஒரு மயக்கத்தை அகற்றிவிட வேண்டும். சொத்தைப் பல்லில் பூச்சி இருக்கிறது என்பது உலகெங்கும் நிலவிய பழைய நம்பிக்கை. பாபிலோனியரின் களிமண் ஏட்டிலேயே பற்புழுவை விரட்டும் மந்திரம் காணப்படுகிறது. நம் ஊர்களில் கண்டங்கத்திரி விதையின் புகையை வாயில் பிடிப்பதும் இந்நம்பிக்கையை ஒட்டியதே. ஐரோப்பாவில் வேறொரு செடியின் விதையை இவ்வாறே புகைத்தனர். சூட்டில் வெடித்த விதைகளிலிருந்து வெளிப்பட்ட வெண்ணிற முளைக்கருவைப் புழுவென்று காட்டிப் பணம் பெற்றோரும் அங்கே இருந்தனர். பல்லைச் சொத்தையாக்குவது புழு அன்று. இனிப்பையும் மாவையும் உண்டு அமிலத்தைச் சுரக்கும் நுண்கிருமிகளே. ஆகவே சொத்தைப் பல்லுக்குப் புழு தேடுவது வீண்.

நாம் பேசவந்த புழுவோ கண்ணால் காணத்தக்கது, ஈயின் குஞ்சு. உயிருள்ள உடலில் ஈயின் புழு தங்கி வளரும் நோய்க்கு ஆங்கில அறிஞர் ஹோப் என்பவர் 1840-ஆம் ஆண்டில் மையாசிஸ் என்று பெயரிட்டார். ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். வாயில் தோன்றும் வகையை லாரன்ஸ் என்பவர் 1909-இல் விவரித்தார்.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்குச் சென்னையோடு தொடர்புண்டு. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய பாட்டன் என்ற மருத்துவ அதிகாரி, கிராக் என்பவருடன் சேர்ந்து 1913-இல் நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவில் மனிதர் புண்ணிலும் விலங்கின் புண்ணிலும் புழு வைக்கும் முதன்மையான ஈ, கிரைசோமியா பெஸ்ஸியானா என்பதே என்று 1920-இல் அவர் எடுத்துக்காட்டினார். இந்த ஈ அழுகிய பிணத்தையோ குப்பையையோ நாடி முட்டையிடுவதில்லை. உயிருள்ள உடலின் புண்ணையே நாடுகிறது. இதுவே இதன் கொடுமை.

பசுமையும் நீலமும் கலந்து மின்னும் உடலை உடையது அந்த ஈ. புண்ணின் விளிம்பில் ஒரே தடவையில் 150 முதல் 200 வரை முட்டைகளை இடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். வெளிவந்த புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, மூச்சு விடும் துளைகள் அமைந்த பின்புறத்தை வெளியே நீட்டிக்கொண்டு, ஆறேழு நாட்கள் சதையைத் தின்று வளரும். புழு ஏறியிருக்கும் புண்ணின் நாற்றம் மேலும் ஈக்களை அழைக்கும். வளர்ந்த புழு தரையில் விழுந்து மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். வெப்பமான காலத்தில் ஒரு வாரத்திற்குச் சற்று மிகுதியாக அவ்வாறிருந்து ஈயாக வெளிவரும். வேறு சில ஈக்களும் இந்நோயை உண்டாக்கக்கூடும். அவற்றுள் சதை ஈ என்பது முட்டைக்கு மாறாக உயிருள்ள குஞ்சுகளையே புண்ணில் விட்டுச் செல்லும்.

வாயை மூடித் திறந்து, பேசி, உண்டு, நாவால் துழாவி வரும் மனிதனிடம் ஈ முட்டையிட இடம் கிடைப்பதில்லை. எனவே இந்நோய் யாரைத் தாக்கும் என்பது எளிதில் விளங்கும். பக்கவாதத்தால் படுக்கையிற் கிடக்கும் முதியவர், நினைவிழந்தவர், மூளை வளர்ச்சிக் குறையால் உதடுகளை மூட இயலாத குழந்தைகள், வாய் திறந்து மூச்சு விடுவோர், மதுமயக்கத்தில் திறந்த வெளியில் வீழ்ந்து உறங்குவோர், பல் பிடுங்கிய புண் ஆறாதவர், வாய்ப்புற்றுநோய் உடையவர் ஆகியோரே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றனர். உதடு மூடாதவர்க்கு மேல்வரிசை முன்பற்களின் ஈறு எப்பொழுதும் வெளியே தெரிந்து உலர்ந்திருப்பதால் அவ்விடத்திலேயே நோய் அடிக்கடி தோன்றுகிறது. புகையிலையோடு கூடிய வெற்றிலைப் பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் என்பதும், புகையிலை சேராத பாக்கும் தீங்கற்றதன்று என்பதும் உலக அளவில் நிறுவப்பட்ட உண்மைகள். எனவே மெல்லும் பழக்கத்தை விடுவதும் இந்நோய்க்கு ஒரு காப்பாகும்.

இதன் அறிகுறிகள் யாவை? ஈறு அல்லது மேலண்ணம் திடீரென்று வீங்கிச் சிவக்கும், சிறு துளைகள் தோன்றும், குருதி கசியும், தாங்கொணாத நாற்றம் எழும். ஏதோ ஊர்வது போல் இருக்கிறது என்று பேச இயன்றவர் சொல்வார். பேச இயலாதவர் ஆகாரத்தை மறுப்பார். தலையை அசைத்து அரற்றுவார். உமிழ்நீரில் குருதி கண்டால், கைவிளக்கின் ஒளியில் உதட்டை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். துளைக்குள் வெண்மையாக ஏதேனும் அசைந்தால் ஐயமில்லை. கவனியாது விட்டால் புழுக்கள் அண்ணத்தைத் துளைத்து மூக்கறை வரையிலும் செல்லக்கூடும்.

இனிச் செய்யலாகாதவற்றைச் சொல்கிறேன். மாட்டின் புண்ணுக்குப் பினாயில், மண்ணெண்ணெய், அந்துருண்டைப் பொடி முதலியவற்றை இடும் வழக்கம் பலரிடம் உண்டு. இவற்றுள் எதனையும் மனிதன் வாயில் இடலாகாது. விழுங்கத் திறனற்ற நோயாளியின் வாயில் ஊற்றிய மண்ணெண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால், நுரையீரல் வெந்து உயிருக்கே ஆபத்தாகும். புழுவைக் கையால் பிடித்திழுப்பதும் கூடாது. உடலெங்கும் முட்கள் வரிசையாக அமைந்திருப்பதால் அது அறுந்து உள்ளே தங்கிவிடும்.

வைத்தியர் செய்வது இது. கற்பூரத் தைலம் என்று சிலர் வழங்கும் டர்ப்பென்டைனில் நனைத்த பஞ்சைச் சில நிமிடங்கள் புண்ணின் வாயில் அளவறிந்து வைப்பார். மூச்சு முட்டிய புழுக்கள் வெளியே தலைப்படும். அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பார். புண்ணை உப்பு நீரால் கழுவுவார். உள்ளே ஒளிந்தவற்றிற்காக இரண்டு மூன்று நாட்கள் இதனைத் திரும்பச் செய்வதுண்டு. ஐவர்மெக்டின் என்ற மாத்திரையும் துணைபுரிகிறது. அம்மருந்தைக் கண்டுபிடித்ததற்காக காம்ப்பெல், ஓமுரா ஆகிய இருவர்க்கும் 2015-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அதன் அளவையும், அது ஒருவர்க்குப் பொருந்துமா என்பதையும் வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். இசிவு நோய்த் தடுப்பூசியும் வேண்டியதாகலாம். புழுக்கள் அகன்றபின் ஈறு பெரும்பாலும் விரைவில் ஆறிவிடுகிறது. விழுந்த புழுக்களைத் தரையில் வீசலாகாது. மண்ணுக்குள் புகுந்து மீண்டும் ஈயாகும். கொதிநீரில் இட்டு அழித்துவிட வேண்டும்.

வராமற் காப்பது இதனினும் எளிது. படுக்கையில் இருப்பவரின் பல்லையும் ஈற்றையும் நாள்தோறும் இருமுறை ஈரத்துணியால் துடைத்தல், பகலிலும் கொசுவலை கட்டுதல், பல் பிடுங்கிய புண்ணைச் சுத்தமாக வைத்திருத்தல் ஆகிய மூன்றும் போதிய காவலாகும். பகல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: ஈ பகலில் பறப்பது, நாம் வலை கட்டுவதோ இரவில். வீட்டுக் கால்நடையின் புண்ணுக்கும் உடனே மருந்திட வேண்டும். தொழுவத்தில் பிறந்த ஈயே திண்ணைக்கும் வருகிறது.

அமெரிக்கக் கண்டத்தில் இதையொத்த வேறோர் ஈ கால்நடைகளுக்குப் பெருங்கேடு விளைத்தது. நிப்ளிங், புஷ்லண்டு என்ற இரு அறிஞர்கள் ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிடும் முறையை வகுத்தனர். குராசோ என்ற தீவில் 1954-இல் அம்முறை வெற்றி கண்டது. பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும், 1988-இல் அந்த ஈ புகுந்த லிபியாவிலும் அது ஒழிக்கப்பட்டது. இத்தகைய பெரு முயற்சிகள் அரசுகளின் கையில் உள்ளவை. ஈரத்துணியும் கொசுவலையும் நம் கையில் உள்ளவை.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு தடையும் உண்டு. இந்நோயை வைத்தியரிடம் எந்தச் சொல்லால் சொல்வது? கன்னடத்தில் ‘பாயல்லி ஹுள பித்திதெ’ என்றால் போதும். மலையாளத்தில் நம் சொல்லே. புழு என்றே சொல்லலாம். தெலுங்கில் ‘புருகுலு’, இந்தியில் ‘கீடே பட் கயே’. தயங்காமல் இச்சொற்களைச் சொல்லுங்கள். பல் மருத்துவரும் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் இதனைக் கண்டிருப்பர். அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இறுதியாக ஒன்று. புழு வைத்தவன் பாவம் செய்தவன் என்றும், வீட்டார் கவனியாமையால் வந்தது என்றும் ஊரார் பேசுவர் என அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அன்போடு காக்கும் வீட்டிலும் ஒரு பகற்பொழுதில், காப்பவர் அயர்ந்த ஒரு கணத்தில் ஈ வந்துவிடலாம். ஆகவே யாரையும் குறை கூறுவதற்கு இடமில்லை. மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் புழுவுக்கே ஆதாயம். அண்டை வீட்டில் இப்படியொரு துன்பம் நேர்ந்தது என்று கேள்வியுற்றால், மூக்கைப் பொத்தாமல் உள்ளே சென்று, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டி பிடித்துக் கொடுங்கள்.